நீல விளக்கின் டோஸ்

ஒளி மருத்துவத்தின் கதை – 11

சென்ற இதழில் கோபன்ஹேகன் நகரில் நீல்ஸ் ஃபின்சன் கார்பன் வில்விளக்கைக் கொண்டு தோல் காசநோயைக் குணப்படுத்திய வரலாற்றைப் பார்த்தோம். 1896இல் ஒளி மருத்துவ நிலையம், 1903இல் நோபல் பரிசு, அடுத்த ஆண்டே மரணம். அவருடைய ஒரு சோதனையை மட்டும் அங்கே சொல்லாமல் இந்த இதழுக்காக வைத்திருந்தேன். சென்னையில் செய்யப்படும் நீல விளக்குகளின் கதையும், ஒரகடத்தில் எழும் மருத்துவக் கருவிப் பூங்காவின் கதையும் அந்தச் சோதனையிலிருந்தே தொடங்குகின்றன.

ஃபின்சனை ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. தோலின்மேல் விழும் ஒளியில் எவ்வளவு உள்ளே போய்ச் சேர்கிறது? ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்புத் தாளைக் காதுமடலுக்குப் பின்னால் வைத்து, முன்பக்கமிருந்து வலிமையான ஒளியைப் பாய்ச்சினார். 5 நிமிடமாகியும் தாள் கறுக்கவில்லை. பிறகு அதே காதுமடலை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அழுத்தி, அங்கிருந்த ரத்தத்தை ஒதுக்கினார். 20 விநாடியில் தாள் கறுத்துவிட்டது. ஒளியைப் பெருமளவு மறித்தது தோலுக்குள் ஓடும் ரத்தம் என்பது அன்று தெளிவானது. அதன் பிறகு அவருடைய நிலையத்தில் செவிலியர்கள் குளிர்ந்த நீர் ஓடும் படிக வில்லையை நோயாளியின் புண்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டே சிகிச்சை தந்தார்கள்.

உயிருள்ள திசுவுக்குள் ஒளி எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அந்த ஒரு தாள் துண்டு காட்டிய உண்மையை, ஒளி மருத்துவம் அடுத்த அரை நூற்றாண்டில் பலமுறை மறந்தது. பச்சிளங் குழந்தையின் மஞ்சள் காமாலைக்குத் தரப்படும் ஒளிச்சிகிச்சையின் வரலாறு, அந்த மறதியிலிருந்து மீண்டுவந்த வரலாறுதான்.

ராச்ஃபோர்டின் முற்றம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனை இருந்தது. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் செவிலியர் ஜீன் வார்டு. வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் காற்றாட வைப்பது அவருக்கு வழக்கம். 1956இல் ஒருநாள், மருத்துவர்கள் சுற்றி வரும் நேரத்தில், ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடல் முழுதும் மஞ்சள் வெளுத்திருந்தது. துணியின் முனை மூடியிருந்த முக்கோண வடிவப் பகுதி மட்டும் அடர்மஞ்சளாகவே இருந்தது.

அதே மருத்துவமனையில், ரத்த மாதிரிக் குழாய் ஒன்று வெயில் படும் இடத்தில் கிடந்துவிட்டது. சோதித்தபோது பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் ரிச்சர்டு கிரெமர் என்ற இளம் மருத்துவர். உயிர்வேதியியலாளர் பெர்ரிமன், மருத்துவர் ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து நீல நிறக் குழாய் விளக்குகளைக் கொண்ட ஒரு கூடாரத்தை அமைத்து, குழந்தைகளை அதன்கீழ் வைத்துப் பார்த்தார். 1958இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளியாயின. ஒளிச்சிகிச்சை பிறந்தது.

பிலிருபின் என்பது பழைய ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப்பொருள். பிறந்த குழந்தையின் கல்லீரல் அதைக் கழித்துத் தள்ளும் திறனைப் பெறச் சில நாட்கள் ஆகும். அதுவரை அது ரத்தத்திலும் தோலிலும் தேங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகவே இறங்கிவிடும். அளவு மிக உயர்ந்தால் மூளைக்குள் புகுந்து, காது கேளாமையிலிருந்து வாழ்நாள் முழுதும் நீடிக்கும் இயக்கக் குறைபாடுவரை உண்டாக்கும். ஒளிச்சிகிச்சைக்கு முன்பு இருந்த ஒரே பெரிய வழி, குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டுப் புது ரத்தம் ஏற்றுவது. அந்த ஆபத்தான வேலையை ஒரு விளக்கு குறைத்தது.

விளக்கு என்ன செய்கிறது என்பது பின்னாளில் தெரிந்தது. ஆண்டனி மெக்டோனா, டேவிட் லைட்னர் போன்ற வேதியியலாளர்கள் அதை விளக்கினார்கள். தோலில் இருக்கும் பிலிருபின் மூலக்கூறு நீல ஒளியை உறிஞ்சியதும் வடிவம் மாறுகிறது. மாறிய வடிவங்கள் நீரில் எளிதாகக் கரையும். கல்லீரலின் முழு உதவி இல்லாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். அதாவது ஒளி இங்கே உடலுக்குள் ஒரு வேதிவினையை நடத்துகிறது. மருந்து செய்வதும் அதைத்தான்.

விளக்கு பரவியது, அளவு பரவவில்லை

மருந்து என்றால் எத்தனை மில்லிகிராம் என்று கேட்போம். விளக்கைப் பற்றி யாரும் அப்படிக் கேட்கவில்லை. பிரேசிலில் 1960 வாக்கிலேயே ஒளிச்சிகிச்சை தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரால்டு லூசி 111 குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 1968இல் வந்தபிறகு, உலகமெங்கும் மருத்துவமனைகள் குழாய் விளக்குகளைத் தொட்டில்மேல் தொங்கவிட்டன. 1970களின் நடுவில் அமெரிக்காவின் ஆறு மையங்களில் 1,339 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு, அந்தச் சிகிச்சைக்கு உறுதியான அடித்தளம் போட்டது.

இத்தனைக்கும் நடுவில், விளக்கு எரிந்தால் சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கை வார்டுகளில் வேரூன்றிவிட்டது. 1976இல் பான்டா, வார்ஷா என்ற இரு மருத்துவர்கள் அந்த நம்பிக்கையை அளந்து பார்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையின் மேலே வெப்பம் தரும் வார்மர் இருக்கும். அதற்கு இடம்விட்டு ஒளிச்சிகிச்சை விளக்கைத் தள்ளி வைப்பார்கள். அப்படித் தள்ளி வைத்த விளக்கிலிருந்து குழந்தையின் மேல் விழுந்த ஒளி, சிகிச்சைக்குப் போதவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, குழந்தையும் அதன்கீழே கிடந்தது, மருந்து மட்டும் போய்ச் சேரவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் சிங்கப்பூரில் கே.எல். டான் என்ற மருத்துவர், ஒளியின் அளவைக் கூட்டக் கூட்ட பிலிருபின் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று படிப்படியாக அளந்தார். 1982இல் அவர் வெளியிட்ட வரைபடம், ஒளிக்கும் டோஸ் உண்டு என்பதை எண்களால் நிறுவியது. ஒரு கட்டத்துக்கு மேல் ஒளியைக் கூட்டினாலும் பயன் கூடுவதில்லை என்றும் அவர் கருதினார். 2012இல் டென்மார்க்கின் ஆல்போர்க் நகர மருத்துவர்கள், ஒளிச்செறிவு 55 அலகுவரை (அந்த அலகு என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்) அப்படியொரு எல்லை தெரியவில்லை என்று கண்டார்கள். இந்த விவாதம் நடக்க முடிந்ததே இரு தரப்பும் ஒளியை அளந்ததால்தான்.

மூன்று கேள்விகள்

ஒளியின் டோஸைக் கணக்கிட மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒளி எவ்வளவு செறிவாக விழுகிறது? உடலின் எவ்வளவு பரப்பில் விழுகிறது? எவ்வளவு நேரம் விழுகிறது?

முதல் கேள்விக்கான கருவியை நம் மருத்துவமனைகளில் ஃபிளக்ஸ் மீட்டர் என்று சொல்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில், ஒரு நானோமீட்டர் அலைநீளத்துக்கு எத்தனை மைக்ரோவாட் என்பதுதான் அதன் அலகு. பழைய குழாய் விளக்குகள் 8 முதல் 10 அலகு தந்தாலே சாதாரண சிகிச்சையாகக் கொள்ளப்பட்டது. 430 முதல் 490 நானோமீட்டர்வரையிலான நீல ஒளியில் குறைந்தது 30 அலகு இருந்தால்தான் தீவிர ஒளிச்சிகிச்சை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2004இல் வரையறுத்தது.

இதை லக்ஸ் மீட்டரால் அளக்க முடியாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. கண் பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணரும். பிலிருபினோ 460 நானோமீட்டர் அருகே உள்ள நீலத்தை அதிகமாக உறிஞ்சும். கண் கூசும் வெள்ளை விளக்கு குழந்தைக்குப் பயனற்றதாக இருக்கலாம். செல்போனில் ஒளியை அளக்கும் செயலியை நம்பி வார்டில் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது, பரப்பு. குழந்தைக்கு அணிவிக்கும் டயப்பர் பெரிதாக இருந்தால் அந்த இடமெல்லாம் சிகிச்சைக்கு வெளியே போய்விடும். கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை இதற்கென்று 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பரப்பை வைத்து அளக்கச் சொல்கிறது. அந்தப் பரப்பின் மிக மங்கலான புள்ளியில் விழும் ஒளி, மிகப் பிரகாசமான புள்ளியில் விழுவதில் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நடுவில் மட்டும் பளிச்சென்று எரிந்து ஓரங்களில் மங்கும் விளக்கு இந்தச் சோதனையில் தேறாது. செலவில்லாத ஒரு வழியும் உண்டு. 2006இல் மலேசிய மருத்துவர்கள், கருவியைச் சுற்றி வெள்ளைத் திரை கட்டினால் சிதறும் ஒளி திரும்பிக் குழந்தைமேல் விழுந்து பிலிருபின் வேகமாக இறங்குவதைக் காட்டினார்கள்.

மூன்றாவது, நேரம். பால் கொடுக்க, துணி மாற்ற, உறவினரிடம் காட்ட என்று குழந்தையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் டோஸ் நிற்கிறது. பால் கொடுப்பது கட்டாயம், மற்றவற்றைக் குறைக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 அலகு ஒளி 60 நானோமீட்டர் அகலத்தில் சீராக விழுவதாக வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டரில் 1.8 மில்லிவாட் ஆகிறது. இடைவிடாமல் 24 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 156 ஜூல். அதே விளக்கு 10 அலகு மட்டும் தந்தால் ஏறத்தாழ 52 ஜூல். இரண்டு குழந்தைகளின் கோப்பிலும் ‘போட்டோதெரபி 24 மணி நேரம்’ என்றே எழுதியிருக்கும். ஒரு குழந்தைக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு மருந்துதான்.

டோஸ் குறைவதில் மட்டும் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். 2008இல் அமெரிக்க மையங்கள் பலவற்றில், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, தீவிர ஒளிச்சிகிச்சை நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளைக் குறைப்பதைக் காட்டியது. 750 கிராமுக்கும் குறைவான குழந்தைகளில் இறப்பு சற்றுக் கூடக்கூடுமோ என்ற ஐயத்தையும் அதே ஆய்வு எழுப்பியது. இரண்டு பக்கமும் எல்லை உள்ள பொருளை அளக்காமல் கொடுப்பது மருத்துவமாகாது.

ரத்தத்தின் நிழல்

இவ்வளவும் தோலின்மேல் விழும் ஒளி பற்றியது. ஃபின்சன் காதுமடலில் கேட்ட கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. உள்ளே எவ்வளவு போகிறது?

நீல ஒளி தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே செல்லும். அந்த ஆழத்திலேயே ரத்தமும் ஓடுகிறது. ஹீமோகுளோபின் 415, 430 நானோமீட்டர் அருகே ஒளியைப் பேராவலோடு உறிஞ்சும். பிலிருபினுக்குப் போக வேண்டிய ஒளியில் ஒரு பங்கை அது வழியிலேயே எடுத்துக்கொள்கிறது. ஏஞ்செலோ லமோலா என்ற ஒளிவேதியியலாளர் 2013 வாக்கில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். சோதனைக் குழாயில் பிலிருபினுக்கு மிகவும் பிடித்த நிறம் 460 நானோமீட்டர் என்றாலும், ரத்தம் ஓடும் தோலில் 476 நானோமீட்டர் அருகே, சற்றே பச்சை கலந்த நீலம் மேலானது என்பது அவர் முடிவு. டென்மார்க்கின் ஃபின் எபெசன் குழுவினர் பல ஆண்டுகளாகக் குழந்தைகளிடம் செய்துவந்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட புதிய வழிகாட்டி, 478 நானோமீட்டரை ஒட்டிய எல்.இ.டி. விளக்குகளைப் பரிந்துரைத்தது. ஃபின்சனின் தாள் சொன்ன உண்மை நூறாண்டு கழித்து ஒரு விளக்கின் நிறத்தையே மாற்றிவிட்டது.

திசுவுக்குள் நடப்பதை நேரடியாக அறிய இன்னொரு வழியும் பிறந்தது. 1980இல் ஜப்பானில், தோலின்மேல் ஒரு மின்னல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பிவரும் நிறத்திலிருந்து பிலிருபினைக் கணிக்கும் கையடக்கக் கருவி வந்தது. ஊசி குத்தாமல் அளக்கலாம். ஆனால் ஒளிச்சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் தோல் வெளுத்துவிடுவதால் கணிப்பு ரத்த அளவைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் தோலின் ஒரு சிறு பகுதியை ஒளிபடாத ஒட்டுத்துணியால் மூடிவைத்து, பிறகு அங்கே அளக்கும் முறையை மருத்துவர்கள் உருவாக்கினார்கள். ராச்ஃபோர்டில் துணியின் முனை தற்செயலாகச் செய்ததை, இன்று வேண்டுமென்றே செய்கிறார்கள். முடிவான தீர்ப்பு இன்றும் ரத்தப் பரிசோதனையிடம்தான் இருக்கிறது.

இளவெயிலும் குழாய் விளக்கும்

நம் வீடுகளில் பிள்ளை மஞ்சளாக இருந்தால் பாட்டிமார் முதலில் சொல்வது, காலை இளவெயிலில் காட்டு என்பதுதான். ஜீன் வார்டு கண்டதும் வெயிலின் பயனைத்தான். சூரிய ஒளியில் நீலம் ஏராளம். ஆனால் அதில் புறஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன; மேகத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப அளவு மாறுகிறது; துணியில்லாத குழந்தை குளிர்ந்தும் போகலாம், சூடேறியும் போகலாம். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். புறஊதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் படலம் போர்த்திய கூடாரத்தில் குழந்தைகளை வைத்து, ஒளியையும் உடல் வெப்பத்தையும் அளந்துகொண்டே சிகிச்சை தந்தார்கள். 2015இல் வெளியான முடிவு: வடிகட்டிய சூரிய ஒளி 93 விழுக்காடு சிகிச்சை நாட்களில் பலன் தந்தது, வழக்கமான விளக்கு 90 விழுக்காடு. அளந்தபோது வெயிலும் சிகிச்சையானது. அளக்காத ஜன்னல் வெயிலை நம்பி, மஞ்சள் ஏறும் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிப்பது ஆபத்து. மாநிறமான நம் குழந்தைகளின் தோலில் மஞ்சளின் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் கடினம். நிறைமாதக் குழந்தைகளுக்கு மஞ்சள் உச்சமடைவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்; அதற்குள் பல தாய்மார்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.

மருத்துவமனைக்குள்ளும் நிலைமை நீண்ட காலம் நன்றாக இல்லை. 2000இல் இந்தியக் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளியான ஒரு தணிக்கை, நம் நாட்டின் ஒளிச்சிகிச்சைக் கருவிகளில் பல போதிய ஒளி தரவில்லை என்று காட்டியது. நைஜீரிய மருத்துவமனைகளிலும் அதே குறையைக் கண்டார்கள். குழாய் விளக்கு எரிய எரிய அதன் நீலம் மங்கும். ஓராயிரம், ஈராயிரம் மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டிய குழாயை, முழுதும் அணையும்வரை விட்டுவைப்பார்கள். புதுக் குழாய் கிடைக்காதபோது வீட்டு வெள்ளைக் குழாயைப் பொருத்துவதும் நடந்தது. கண்ணுக்கு எல்லாமே வெளிச்சமாகத்தான் தெரியும். இதில் செவிலியரைக் குறை சொல்ல எதுவுமில்லை. கையில் அளவி இல்லாதவரால் கண்ணை மட்டுமே நம்ப முடியும்.

சென்னையில் ஒரு நீல விளக்கு

1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவானது. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் அதற்காக 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹெண்ட்ரிக் விரேமன், அந்த விளக்கைப் பச்சிளங் குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். சூடு குறைவு, வேண்டிய நிறம் மட்டும் வரும், குழாய் விளக்கைவிடப் பல மடங்கு ஆயுள். இந்தியாவின் பல மையங்கள் சேர்ந்து செய்து 2010இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வும், எல்.இ.டி. விளக்கு குழாய் விளக்குக்கு இணையாகவே பலன் தருகிறது என்று நிறுவியது.

விலைதான் தடையாக இருந்தது. இங்கே சென்னை கதைக்குள் வருகிறது. வி. சசிகுமாரின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் பச்சிளங் குழந்தைகளுக்கான வார்மர், இன்குபேட்டர், ஒளிச்சிகிச்சைக் கருவிகளைச் சென்னையிலேயே செய்துவந்த நிறுவனம். சான் ஃபிரான்சிஸ்கோவின் டி-ரெவ் என்ற லாபநோக்கற்ற வடிவமைப்பு அமைப்பு, ஃபீனிக்ஸுடன் கைகோத்து ‘பிரில்லியன்ஸ்’ என்ற எல்.இ.டி. கருவியை 2012இல் வெளிக்கொண்டுவந்தது. மேலைநாட்டு உயர்திறன் கருவிகள் 3,000 டாலரை ஒட்டி விற்ற காலத்தில், ஏறத்தாழ 400 டாலரில் அதே தரத்து ஒளியைத் தருவது அதன் குறிக்கோள். அடிக்கடி மாற்ற வேண்டிய குழாய்கள் அதில் இல்லை. சென்னையில் செய்த நீல விளக்கு இந்தியாவைத் தாண்டியும் பல நாட்டு வார்டுகளுக்குப் போனது. தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் கார்களுக்கும் செல்போன்களுக்கும் கிடைத்த இடம் இந்த விளக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பேன்.

ஒரகடம் வரை

அந்தத் தொழில் வரலாறு பெரும்பாலும் சென்னைக்கு மேற்கே எழுதப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வரத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையின் இருபுறமும் வயலும் ஏரியுமாக இருந்த நிலம், ஒரே தலைமுறையில் ஆலைகளாக மாறியது. மருத்துவக் கருவிகளும் அங்கே புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் டிரிவிட்ரான் நிறுவனம் மருத்துவத் தொழில்நுட்பப் பூங்கா ஒன்றை அமைத்தது.

2021இல் ஒன்றிய அரசு மருத்துவக் கருவிப் பூங்காக்களுக்கு நான்கு மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தது: இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு. ஒவ்வொன்றுக்கும் பொதுவசதிகள் அமைக்க 100 கோடி ரூபாய்வரை உதவி. தமிழ்நாட்டின் பூங்காவுக்குச் சிப்காட் தேர்ந்தெடுத்த இடம் ஒரகடம். ஏறத்தாழ 350 ஏக்கர். தனித்தனி நிறுவனங்களால் தாங்க முடியாத செலவுள்ள சோதனைக் கூடங்களைப் பொதுவில் அமைத்துத் தருவதே இந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

சட்டமும் அதே காலத்தில் மாறியது. 2017இல் மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் சட்டத்தின் பார்வையில் மருந்துகளாகக் கொள்ளப்பட்டன. ஒளிச்சிகிச்சை விளக்கும் இப்போது மருந்துச் சட்டத்தின்கீழ் வருகிறது. மருந்து என்று சட்டம் சொல்லிவிட்ட பிறகு, டோஸை அளக்காமல் விட யாருக்கும் உரிமையில்லை.

அளப்பது ஒரகடத்துக்குப் புதிய கலையே அல்ல. கார் ஆலையில் உற்பத்தி வரிசையின் முடிவில் முகப்பு விளக்கு எந்தக் கோணத்தில் ஒளியை வீசுகிறது என்று சோதித்த பிறகே வண்டி வெளியே போகும். முக்கியமான போல்ட் ஒவ்வொன்றும் எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்கப்பட்டது என்பதுகூடக் கணினியில் பதிவாகும். ஓர் அளவி தவறினால் வரிசை நின்றுவிடும் என்பதை அங்கே ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஐ.டி.ஐ. முடித்த இளைஞரும் அறிவார். அந்தப் பழக்கம் நம் பிரசவ வார்டுகளுக்கு வந்து சேர வேண்டும்.

ஃபிளக்ஸ் மீட்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை சில பாகங்கள்தாம். ஒளியை மின்னோட்டமாக்கும் சிலிக்கான் உணரி, நீலத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி, சாய்ந்து வரும் ஒளியையும் சரியாகக் கணக்கெடுக்கும் ஒளிபரப்பித் தகடு, ஒரு சுற்று, ஒரு திரை. கடினமான பகுதி அதன் அளவுத்திருத்தம். வடிகட்டியின் எல்லை மாறினால் எண் மாறும். ஒரே விளக்கின்கீழ் இரண்டு நிறுவனங்களின் மீட்டரை வைத்தால் வேறுவேறு எண்கள் வருவது உலகமறிந்த சிக்கல். குழாய் விளக்குக்காகத் திருத்தப்பட்ட மீட்டர், குறுகிய நிறம் கொண்ட எல்.இ.டி.யைத் தவறாகக் காட்டலாம். அதனால்தான் விளக்குடன் பொருந்தும் மீட்டரையே பயன்படுத்தும்படி வழிகாட்டிகள் வற்புறுத்துகின்றன. ஒவ்வொரு மீட்டரின் எண்ணும், அதைத் திருத்திய ஆய்வகம் வழியாக, கடைசியில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் காக்கும் ஒளி அளவைகளோடு தொடர்புபட்டிருக்க வேண்டும். அந்தத் தொடர்பு அறுந்த மீட்டர், விளக்கு இல்லாத வார்டைவிட ஆபத்தானது. போதாத ஒளியையும் போதுமென்று சொல்லிவிடும்.

எனவே ஒரகடம் பூங்காவின் பொதுச் சோதனைக் கூடங்களில் ஒளி அளவுத்திருத்தக் கூடம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. அங்கே விளக்கு செய்பவர் தன் விளக்கை 60க்கு 30 பரப்பில் புள்ளி புள்ளியாக அளக்கலாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனைகளின் பயோமெடிக்கல் இன்ஜினியர்கள் ஆண்டுக்கொரு முறை தங்கள் மீட்டரைக் கொண்டுவந்து திருத்திக்கொள்ளலாம். விளக்கு விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், அதற்குப் பொருந்தும் மீட்டரையும் சேர்த்தே தர வேண்டும் என்று அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும். வார்டில் செவிலியர் செய்ய வேண்டியது அதைவிட எளிது: குழந்தையின் வயிற்று மட்டத்தில் மீட்டரை வைத்து, நடுவிலும் ஓரங்களிலும் வரும் எண்ணைக் கோப்பில் மருந்தின் டோஸ் எழுதும் இடத்தில் எழுதுவது. ஒரகடத்துக் கார் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளும் அந்த விளக்கின்கீழ்தான் கிடக்கப்போகின்றன. அவர்கள் கையால் செய்த காருக்குக் கிடைக்கும் கவனம், அவர்கள் பெற்ற பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

தோலின் மேற்பரப்பில் வேலை செய்யும் நீல ஒளியை அளக்கவே இத்தனை காலம் ஆயிற்று. உடலுக்குள் ஆழத்தில் இருக்கும் புற்றுநோய்க் கட்டியைச் சிவப்பு ஒளியால் அழிக்க முனைந்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே ஒளியை மட்டும் அளந்தால் போதாது. கட்டிக்குள் சேர்ந்த மருந்தையும், அங்கே மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனையும் சேர்த்தே அளக்க வேண்டும். மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், சாயம் கலந்த நீரில் ஒற்றைச் செல் உயிரிகள் வெளிச்சத்தில் மட்டும் மடிவதைக் கவனித்த நாளிலிருந்து அந்தக் கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)